கூட யாரு?

எடைமேடை அக்காவைத் தெரியாத லாரிக்காரன் அந்தச் சாலையில் கிடையாது. அவளைப் பற்றி ஏதாவது தெரிந்த லாரிக்காரன் என்று பார்த்தால், ஒருத்தன்கூடத் தேற மாட்டான். ஜன்னலுக்குள் ஒரு முகம், சீட்டை நீட்டும் ஒரு கை. லாரி மேடையில் ஏறி நிற்கும், அவள் பொத்தானை அழுத்துவாள், எடைச்சீட்டு வரும், கிழித்துக் கொடுப்பாள். அதற்குள் பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்திவிடுவான்.

மணல், பழைய இரும்பு, தீவன மூட்டை, உடைந்த கண்ணாடி என்று உலகத்தில் உள்ள கனமெல்லாம் அவள் ஜன்னலைத் தாண்டித்தான் போயிற்று. வெறும் லாரியை எடை போடும்போது உள்ளே ஆள் படுத்திருந்தால் கணக்கு இடிக்கும். அதனால் ஓட்டுநரும் உதவியாளும் இறங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். சிலர் ஏமாற்றப் பார்ப்பார்கள்.

"உள்ள தூங்குறவரை எழுப்பி இறங்கச் சொல்லுங்க."

"உள்ள யாருமே இல்லக்கா, சத்தியமா."

"அப்போ படிக்கட்டுல கிடக்குற செருப்பு தானா நடந்து வந்துச்சா?"

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். சொல்வதைச் சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்ப்பாள். ஆட்களை நேருக்கு நேர் பார்ப்பதைவிடச் செருப்பைப் பார்ப்பது அவளுக்குச் சுலபம்.

பெற்றவர்கள் போனபோது அவளுக்குத் தாவணி வயது, தம்பிக்குப் பால் பல் விழுகிற வயது. மேடையைப் பெருக்கித் துடைக்க வந்தவள், பிறகு சீட்டு எழுதினாள், கணினி வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்ததும், அவன் வேலையில் நிற்கட்டும் என்றாள். அவன் கல்யாணம் முடிந்து, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் எட்ட முடிகிற தூரத்தில் குடும்பமாக ஆன பிறகு, அவளிடம் அந்தப் பேச்சை எடுக்க யாரும் மிச்சமில்லை. அவளும் எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவள். அண்டை வீட்டில் ஒரு கை உப்பு வாங்க வேண்டியிருந்தால், உப்பில்லாமல் தின்றுவிட்டு மறுநாள் கடைக்குப் போவாள்.

சைக்கிள் கடைக்கு மேலே பின்பக்கமாக ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். காலையில் கொடியில் எப்படி மடித்துப் போட்டாளோ அதே மடிப்பில் மாலையில் துண்டு தொங்கும். கலைக்க ஆள் இல்லாத வீடு எவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்பதை அவளைக் கேட்டால் தெரியும்.

எடைமேடைக் கூண்டில் அவளுக்குப் பகல். ராத்திரிக்கு வேறு ஒருவர். லாரி ஓட்டி ஓய்ந்து, மனைவியையும் பறிகொடுத்து, மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கும் நெட்டையான மனிதர். எல்லாருக்கும் அவர் நைட்டுக்காரர். காலையும் மாலையும் வாசலில் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப்போவார்கள். "என்னம்மா, கூட்டமா?" "பரவாயில்லண்ணே." வருஷக்கணக்காக அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் ஒரே நாற்காலி, ஒரே மின்விசிறி, ஒரே டீ கிளாஸ். கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருக்கும் விதத்திலேயே, அவர் நேற்று எரிச்சலில் இருந்தாரா இல்லையா என்று அவள் சொல்லிவிடுவாள்.

நாற்காலிதான் பிரச்சினை ஆயிற்று. உயரத்தை ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலி அது. நெட்டை மனிதர் ஏற்றி வைத்துக்கொள்வார். குட்டையான அவள் காலையில் வந்து இறக்குவாள். நடுமுதுகில் வலி வந்தபோது அவள் முதலில் நாற்காலியைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு அவரை.

"அண்ணே, நாற்காலியை ஏத்தாதீங்க. என் முதுகு போகுது."

"சரிம்மா."

வலி போகவில்லை. இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் ஏற்றி வைத்துக்கொண்டு, விடிந்ததும் அரைகுறையாக இறக்கிவிட்டுப் போகிறார் என்று தனக்குள் கறுவிக்கொண்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை டாக்டரிடம் போனபோது, "எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அதே அறுபதுதான்."

வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவள் பொய் சொல்லவில்லை. மதியத்தில் மேடை காலியாக இருக்கும்போது அதில் ஏறி நிற்பது அவள் வழக்கம். கண்ணாடிக்கு உள்ளே திரையில் அறுபது என்று விழும். லாரி மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். அறுபத்தெட்டும் அதற்கு அறுபதுதான், ஐம்பத்தொன்றும் அதற்கு அறுபதுதான். இது அவளுக்குத் தெரியாதா? வருகிற ஒவ்வொரு வியாபாரியிடமும் விளக்கிச் சொல்கிறவளே அவள்தான். ஆனாலும், தன்னை அந்த மேடையில் நிறுத்தியபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஒருநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகவே வேலைக்கு வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நைட்டுக்காரர் உள்ளே இருந்தார். நாற்காலி அவள் வைத்த உயரத்திலேயே இருந்தது. அந்த நெட்டை உடம்பை அதில் மடித்துத் திணித்து, முழங்கால் மேசை விளிம்பில் இடிக்க, சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் ராத்திரி முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. வலிக்கு நாற்காலி காரணமில்லை என்றால், பின்னே எது?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நர்ஸ் அவளை எடை இயந்திரத்தில் ஏற்றி ஐம்பத்தொன்று என்றாள்.

"இந்த மெஷின் தப்பும்மா. கடைசியா எப்போ சோதிச்சு முத்திரை போட்டாங்க?"

"நீங்க எங்க எடை பார்த்தீங்க?"

"லாரி எடை போடுற இடத்துல."

நர்ஸ் சிரித்து, பக்கத்திலிருந்தவளையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். அந்த நர்ஸும் சிரித்தாள். ரத்தம், சிறுநீர், படங்கள், இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுத்த மஜ்ஜை என்று எல்லாம் பார்த்து முடித்தபின் யாரும் சிரிக்கவில்லை. மைலோமா என்றார்கள். மஜ்ஜையில் பிறக்கிற ரத்தப் புற்றுநோய். அது எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். அவள் முதுகெலும்பில் ஒன்று ஏற்கெனவே நசுங்கியிருந்தது.

வைத்தியம் தொடங்கியது. வயிற்றுத் தோலில் வாராவாரம் ஊசி. தினமும் ஒரு மாத்திரை. எலும்புக்குப் பலம் தர ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வாரத்தில் ஒருநாள் கைநிறைய விழுங்கும் சின்ன மாத்திரைகள்தான் படுத்தி எடுத்தன. அன்றைக்குத் தூக்கம் வராது, பசி அடங்காது, வாய் சும்மா இருக்காது. சிரிக்கவே சிரிக்காத அக்கா, மறுநாள் காலையில் லாரிக்காரர்களை வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

"என்னக்கா, இன்னிக்கு மிளகாயைக் கடிச்சிட்டு வந்தீங்களா?"

"மேடைல நேரா நிறுத்தத் தெரியாதவனெல்லாம் எதுக்கு ஸ்டீரிங்கைப் பிடிக்கணும்? பின்னாடி எடு!"

அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. காரணம் தெரியாது. முதலாளிக்கும் தம்பிக்கும் நைட்டுக்காரருக்கும் மட்டும் சொல்லியிருந்தாள். தம்பி போனில் அழுதான். அவனைத் தேற்றிவிட்டு, போனை வைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக்கு நோய் கேட்டது. முதுகு வலி தணிந்தது, படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. அப்போதுதான் டாக்டரம்மா அவளை எதிரில் உட்காரவைத்துப் பேசினார். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர், ஆனால் அவசரப்படாதவர்.

"நோய் நல்லா அடங்கியிருக்கு. இனி என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும்மா. ஒண்ணு, உங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல்னு சொல்ற மூல அணுக்களைப் பிரிச்சு எடுத்துப் பத்திரப்படுத்திட்டு, ரொம்ப வீரியமான மருந்தை ஏத்துவோம். அது மஜ்ஜையில நல்லது கெட்டது பார்க்காம எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சிடும். அப்புறம் எடுத்து வெச்சதைத் திருப்பி ஏத்துவோம். அது பிடிச்சு வளர்ற வரைக்கும் தனி ரூம். முடி கொட்டும், வாய் புண்ணாகும், வயித்தால போகும். ஆனா நோய் திரும்புறதை நல்லாத் தள்ளிப்போடும்."

"அப்புறம் வரவே வராதா?"

"வராதுன்னு சொன்னா நான் பொய் சொல்றவ. அடக்கி வைக்கத் தெரியும். வேரோட பிடுங்க எங்களுக்கு இன்னும் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு, அது இல்லாம இப்படியே மாத்திரையோட தொடர்றது. அதுவும் தப்பில்ல. அப்படி நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா உங்க உடம்பு இப்ப தாங்கும். என்னைக் கேட்டா முதல்ல சொன்னதைத்தான் சொல்வேன். அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கூட யாரு?"

அவளுக்குப் புரியவில்லை.

"இங்கேருந்து வீட்டுக்கு அனுப்பின பிறகு ஒரு ஏழெட்டு வாரம் ராவும் பகலும் ஒரு ஆள் கூடவே இருக்கணும். சமைக்க, மருந்து பார்க்க. காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே இங்க கூட்டிட்டு வர. ஆள் இல்லாம நாங்க அதைச் செய்ய மாட்டோம். ஆபத்து."

"இருக்காங்க," என்றாள் சட்டென்று.

"யாரு?"

"தம்பி சம்சாரம்."

"அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டயும் பேசணும்."

வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். நோயின் பெயரைச் சொன்னபோதுகூட இப்படி வேர்க்கவில்லை.

தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். நேராகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு சிகிச்சை சொல்கிறார்கள், கூட ஆள் வேண்டுமாம், இந்தக் காலத்தில் யாருக்கு முடியும், என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணி. நாங்க இல்லையா? கவலையே படாதீங்க."

எப்போது வர வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, எப்போது வருவாய் என்று இவளும் கேட்கவில்லை. பின்னணியில் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். ஒருத்திக்கு இறுதிப் பரீட்சை வருகிறது, ஒருத்திக்குக் காதில் சீழ், அலுவலகத்தில் விடுமுறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இதெல்லாம் இவளுக்குத் தெரியும். ஆகவே அந்த "பார்த்துக்கலாம்" என்ன எடை பெறும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை.

மாலையில் பணி மாற்றும்போது நைட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க தங்கச்சி?"

சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் வந்துருவேன். சமையல் சுமாரா வரும். என் பொண்டாட்டி படுத்தப்போ நான்தானே எல்லாம் பார்த்தேன். மகன்கிட்டச் சொன்னா, தொலைஞ்சதுன்னு சந்தோஷமா அனுப்பி வெப்பான்."

வாந்தி, வயிற்றுப்போக்கு, முடியில்லாத தலை. இதையெல்லாம் ஓர் ஆணுக்கு முன்னால் எப்படி? கூச்சத்தில் காது சுட்டது. அதற்குள் அவர் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"அட, இரு இரு. நீ படுத்துட்டா உன் பகல் வேலையை யார் பார்க்கிறது?"

"நீங்கதாண்ணே."

"ராத்திரி?"

"அதுவும் நீங்கதான்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே அவளுக்காக வருகிறேன் என்று வாய் திறந்து சொன்ன ஒரே மனிதர், அவள் படுத்தால் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத ஒரே மனிதராகவும் இருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். துண்டு அதே மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை தனியாகத்தான் போனாள். டாக்டரம்மா அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"வரலையா?"

"வேலையா இருக்காங்க."

டாக்டரம்மா மேலே தோண்டவில்லை. "அப்போ ஒண்ணு செய்வோம். அணுக்களை மட்டும் இப்பவே எடுத்து உறைய வெச்சுடலாம். மாத்திரை தொடரட்டும். ஆள் கிடைச்சதும் மீதியைச் செய்யலாம். ஆனா ரொம்பத் தள்ளாதீங்கம்மா. எடுத்து வெச்ச அணு கெட்டுப்போகாது. உங்க உடம்பு இதே தெம்போட இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கத் தினம் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல வலித்தது. பிறகு ஒரு காலை நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் ஏற்றினார்கள். இரண்டு கையையும் மடக்கக் கூடாது. உதடு மரத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அது சகஜம் என்று நர்ஸ் சொல்லி, ஒரு மருந்தைச் சேர்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அப்போது மூக்கு அரித்தது.

சின்ன அரிப்புதான். அவள் மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள், மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள், தலையணையில் தேய்க்கப் பார்த்தாள். அரிப்பு கூடியது. கண்ணில் நீர் கட்டியது. அடுத்த படுக்கையில் ஒரு முதியவர் இதே மாதிரி படுத்திருந்தார். அவர் மனைவி ஆரஞ்சு உரித்து, ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். இவள் கூப்பிடவில்லை. நர்ஸ் வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நர்ஸ் வரவில்லை. மூக்கு நுனியில் நெருப்பு வைத்ததுபோல ஆனபோது, அவளை அறியாமல் வாய் திறந்தது.

"அம்மா, என் மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடுறீங்களா?"

அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சொறிந்தார். "இங்கயா? இன்னும் கீழயா?"

"அங்கதான். அங்கதான்."

"கண்ணெல்லாம் கலங்கிக் கிடக்கு. இதுக்கா இத்தனை நேரம் குட்டிக்கரணம் போட்டே? நான்கூட உனக்கு வலிப்பு வருதோன்னு பயந்து போயிட்டேன்."

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவா? அந்த மனுஷனைப் பார்த்தியா? காலைலேருந்து முதுகைச் சொறி, காலைப் பிடி, அந்தச் சுளைல விதை இருக்கு, இந்தச் சுளை புளிக்குது. இதுல உன் மூக்கு எனக்குப் பாரமா? கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லையா, யாரையும் கேக்கலையா?"

அந்த அம்மாள் அவள் வாயிலும் ஒரு சுளையைப் போட்டுவிட்டுப் போனார். மரத்த உதட்டுக்கு அது இனிப்பா புளிப்பா என்று தெரியவில்லை.

அறைக்கு வந்ததும் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, நான் ஒண்ணு நேரடியாக் கேக்கிறேன். நீ வந்து என்கூட இருக்க முடியுமா? ஒரு வாரம் பத்து நாள் இல்ல, ரெண்டு மாசம்போல ஆகும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

தம்பி மனைவி அழுகிற குரலில் சொன்னாள். "முடியாது அண்ணி. எப்படிப் பார்த்தாலும் முடியல. லீவு கேட்டேன், வேலையை விட்டுட்டுப் போன்னுட்டாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. இவரும் தினம் கேக்கிறார், என்ன முடிவு பண்ணினேன்னு. எனக்குச் சோறே இறங்கல."

"சரிம்மா. சரி. அழாதே. சின்னவளுக்குக் காது இப்ப எப்படி இருக்கு?"

அதன்பிறகு அவர்கள் ரொம்ப நேரம் பேசினார்கள். இதுவரை இருவரும் அப்படிப் பேசியதில்லை. போனை வைத்த பிறகு அறை எப்போதும்போல அமைதியாகிவிட்டது. அவள் தண்ணீர் ஊற்றி அன்றைய மாத்திரையை விழுங்கினாள். கேட்டால் உயிர் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. ஆளும் கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை நைட்டுக்காரர் வந்தபோது அவள் கிளம்பாமல் நின்றாள்.

"அண்ணே, தம்பி வீட்டுல முடியாதுன்னுட்டாங்க."

"ம்."

"எனக்கு ஒரு ஆள் வேணும். பொம்பளை ஆளா, கொஞ்ச நாள் கூட இருக்கிற மாதிரி. உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்டக் கேளுங்க."

"யார்கிட்டக் கேக்க?"

"யாராயிருந்தாலும் சரி," என்றாள். குரல் தேய்ந்தது. "எல்லார்கிட்டயும் கேளுங்க."

வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. முதல் வண்டி ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளி, பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"யோவ், கொஞ்சம் பொறுங்கய்யா! எல்லாரும் கேளுங்க. நம்ம எடைமேடை அக்காவுக்கு உடம்பு சரியில்ல. ரத்தத்துல புத்துநோய். பெரிய வைத்தியம் பண்ணணும், கூட இருக்க ஆள் இல்ல. உங்க வீட்டுப் பொம்பளைங்க யாராவது, தெரிஞ்சவங்க யாராவது..."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை அந்த மனிதர் மணல் கொட்டுவதுபோல நடுச்சாலையில் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி, சோற்றுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தால் நிறுத்திவிடுவார். எட்டும் தூரம்தான்.

அவள் இழுக்கவில்லை.

வரிசையில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. "நம்ம அக்காவுக்கா?" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். முதல் வண்டியில் இருந்தவன் அவளுக்குப் பழக்கமில்லாத முகம், அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் வந்திருப்பான் போல. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.